ஃபைன் கட்டிவிடலாமா, வக்கீல் வைக்கலாமா?

பாலக்கோட்டில் எங்கள் பிக்கப் ஸ்டாண்டில் போய், டிராஃபிக் கேஸுக்கு வக்கீல் வைக்கப்போகிறேன் என்று சொன்னால், "காசு அவ்வளவு சேர்ந்துபோச்சா?" என்றுதான் கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஹெல்மெட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய், சீட் பெல்ட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய். அதற்காக வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்து, ஓட்டத்தை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தால் ஃபைனைவிடச் செலவு கூடிவிடும். அப்படிப்பட்ட சலானுக்கு நானும் வக்கீல் வைக்க மாட்டேன். ஆனால் எல்லாக் கேஸும் அந்த ரகமில்லை. சில கேஸில் ஃபைன் தொகை சின்னதுதான், லைசென்ஸும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வண்டி ஓட்டித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் அங்கே யோசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. என் கேஸில் கற்றுக்கொண்டதை, எங்களைப் போல ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கிறேன். லோன் இன்னும் ஓடுகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி ஏற்றி பெங்களூருக்கும் சேலத்துக்கும் போவேன். ராத்திரி ஏற்றினால் விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும். சரக்கு வாடினால் விலை போகாது. இப்படி ஓடுகிறவனுக்கு ஒருநாள் ரோட்டிலும் செக்போஸ்ட்டிலும் போலீஸைப் பார்க்காமல் கழியாது.

முதலில் வக்கீல் தேவைப்படாத ஒரு கேஸ். என் டூவீலர் நம்பருக்கு, நான் போயே இருக்காத ஒரு ஊரில் ஹெல்மெட் போடவில்லை என்று சலான் வந்தது. மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் நம்பரைப் போட்டு படத்தைத் திறந்தால், அதில் நிற்பது வேறு கம்பெனி ஸ்கூட்டர். நம்பர் பிளேட்டில் ஒரு எண்ணை மாற்றிப் படித்திருக்கிறார்கள். அதே தளத்தில் குறை தெரிவிக்கும் பகுதி இருக்கிறது. ஆர்.சி., என் வண்டியை முன்னும் பின்னும் எடுத்த படம், சலானில் உள்ள படம் மூன்றையும் சேர்த்துப் போட்டேன். சலான் போட்ட பிரிவுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். கொஞ்ச காலம் இழுத்தது, அப்புறம் ரத்தானது. இதற்கு வக்கீல் எதற்கு? படமே சாட்சி சொல்லிவிட்டது.

கேமரா சலான் வந்தால் எல்லோரும் முதலில் அந்தப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். நம்பர் பிளேட்டும் குற்றமும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்ற விவரம் எல்லாம் சலானோடு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. பல பேர் எஸ்.எம்.எஸ். வந்த பதற்றத்தில் படத்தைக்கூடப் பார்க்காமல் கட்டிவிடுகிறார்கள். இன்னும் பல பேர் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, வண்டியை விற்கும்போது ஆர்டிஓ ஆபீஸில் பெயர் மாற்ற முடியாமல் நிற்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.

இப்போது என் கேஸ். பெங்களூரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் ஒரு இடத்தில் பாலம் வேலை நடந்ததால் மெயின் ரோட்டை அடைத்து, ஒரு பக்க சர்வீஸ் ரோட்டிலேயே இரண்டு திசை வண்டியையும் விட்டிருந்தார்கள். மாற்றுப்பாதை என்று அம்புக்குறி போட்ட போர்டு இருந்தது. முன்னால் போன லாரிக்குப் பின்னால் நானும் போனேன். பாலம் முடியும் இடத்தில் ரோந்து வண்டி நின்றது. லாரி போய்விட்டது, என்னை ஓரம் கட்டச் சொன்னார்கள். எதிர்த்திசையில் வந்தாய் என்று மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில், அதாவது அபாயகரமாக ஓட்டியதாக, கேஸ். "கோர்ட்ல போய் ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு, முடிஞ்சுது" என்றார் அந்த அதிகாரி. லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்.

அங்கேயே நான் செய்த ஒரு காரியம்தான் பிற்பாடு கைகொடுத்தது. வாக்குவாதம் செய்யவில்லை. ஃபோனை எடுத்து போர்டையும், அடைத்து வைத்த மெயின் ரோட்டையும், இரண்டு திசையிலும் வண்டிகள் போவதையும் படம் எடுத்தேன், ஒரு நிமிட வீடியோவும் எடுத்தேன். மாற்றுப்பாதை போர்டெல்லாம் வேலை முடிந்ததும் போய்விடும். ஒரு மாதம் கழித்துப் போனால் அங்கே பளபளவென்று பாலம்தான் இருக்கும்.

ரசீதை வாங்கியதும் அடுத்த லோடுக்குக் கிளம்பியிருப்பேன். ஸ்டாண்டில் இருந்த ஒரு மூத்த டிரைவர் அண்ணன்தான் தடுத்தார். "ரசீதுல என்ன பிரிவு போட்டிருக்குன்னு பாருப்பா" என்றார். 206(4) என்று இருந்தது. சட்டப் பிரிவு எண்ணெல்லாம் நமக்கெதற்கு என்று நினைப்போம். ஆனால் இந்த எண் முக்கியம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தது இது. அதிவேகம், அபாயகரமாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற சில பிரிவுகளில் போலீஸ் லைசென்ஸைப் பிடித்து, ரத்து அல்லது தகுதிநீக்க நடவடிக்கைக்காக ஆர்டிஓவுக்கு அனுப்பலாம். அப்போது தரும் ரசீதை வைத்து வண்டி ஓட்ட முடியாது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ரசீது இருக்கிறதே என்று ஓட்டி, ஏதாவது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டும். என் தம்பி முறையாகிற ஒருவனுக்குத் தினக்கூலி பேசி வண்டியை ஓட்டச் சொன்னேன். வருமானத்தில் பெரிய பங்கு அவனுக்கே போனது. ஃபைன் தொகையைப் பற்றி அன்றைக்கு ராத்திரி நான் கவலைப்படவே இல்லை, லைசென்ஸ் எப்போது திரும்பும் என்பதுதான் கவலை.

அப்புறம் வக்கீல் தேடினேன். கோர்ட் வாசலில் டீக்கடைப் பக்கம் நின்றாலே "என்ன கேஸுங்கண்ணா?" என்று கேட்டுக்கொண்டு ஆள் வருவார்கள். அவர்கள் வக்கீல் இல்லை, புரோக்கர். வக்கீல்கள் இப்படி ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிக்கக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. இன்னொருவர், நிஜ வக்கீல்தான், பேப்பரைப் பார்க்காமலே "நிச்சயமா விடுதலை, ஜெயிச்சா இவ்வளவு கொடுங்க" என்றார். ஜெயித்தால் இவ்வளவு என்று ஃபீஸ் பேசுவதும் விதிப்படி கூடாது. அது அப்போது எனக்குத் தெரியாது. பேப்பரைப் பார்க்காமல் நிச்சயம் என்று சொன்னதே எனக்கு உறுத்தியது, வந்துவிட்டேன்.

கடைசியில் லாரி வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தருமபுரியில் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் அனுப்பினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெரிய ஆபீஸெல்லாம் இல்லை, ஒரே அறை, இரண்டு பீரோ. தினமும் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நிற்கிறவர். இந்த மாதிரி கேஸுக்கு அதுதான் வேண்டும். ஹைகோர்ட் வரை பெயர் பெற்றவரைத் தேடிப் போவதைவிட, அந்தக் கோர்ட்டிலேயே தினம் எழுந்து நின்று பேசுகிறவர் நல்லது.

அவர் என்னைப் பேசவே விடவில்லை. "முதல்ல பேப்பரைக் கொடுங்க தம்பி, கதை அப்புறம்" என்றார். ரசீது, ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். எல்லாம் நடப்பில் இருந்ததும்தான் நிமிர்ந்தார். "இதுல ஒண்ணு காலாவதியா இருந்தாலும் நம்ம வாதம் பாதி போயிடும்" என்றார்.

அப்புறம் அவர் விளக்கியதுதான் என்னை வக்காலத்தில் கையெழுத்துப் போட வைத்தது. ஹெல்மெட், சீட் பெல்ட், அதிகபாரம் மாதிரி குற்றங்களை 200-வது பிரிவின்படி சமரசத் தொகை கட்டி முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் அந்தத் தொகையை 2022 அக்டோபரில் கூட்டினார்கள். 184 அப்படியில்லை. அதில் கையில் செல்ஃபோன் பிடித்துக்கொண்டு ஓட்டியதற்கு மட்டும்தான் தொகை கட்டி முடிக்க வழி உண்டு. சிக்னல் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது போன்ற மற்றதெல்லாம் கோர்ட்டுக்குத்தான் போகும். முதல் தடவை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, இல்லையென்றால் ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் இரண்டாவது தடவை மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, இல்லையென்றால் பத்தாயிரம் ரூபாய், அல்லது இரண்டும்.

"முதல் தடவை பெரும்பாலும் ஃபைனோட விட்டுடுவாங்க. ஆனா நீங்க ஒத்துக்கிட்டா அது தண்டனைதான், கணக்குல ஏறிடும். நீங்க வருஷம் முழுக்க ஹைவேயில ஓடுறவரு. அடுத்த மூணு வருஷம் இன்னொரு 184 வராதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

ஃபீஸ் ஃபைனைவிட அதிகம்தான். ஒரே தடவையில் கேட்காமல், வக்காலத்து போடும்போது ஒரு பகுதி, சாட்சி விசாரணைக்கு ஒரு பகுதி என்று பிரித்துச் சொன்னார். ஸ்டாம்ப், நகல், டைப்பிங் செலவெல்லாம் அதற்குள் அடங்குமா தனியா என்று முதல் நாளே கேட்டுக்கொண்டேன். கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். கேட்கத் தயங்க வேண்டியதில்லை, நல்ல வக்கீல் இதற்குக் கோபப்பட மாட்டார். கையில் காசே இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்கு ஃபோன் செய்தும் கேட்கலாம். பென்னாகரம், அரூர் பக்கத்து மலைக்கிராமங்களில் இருக்கும் டிரைவர்களுக்கு இது தெரியவே இல்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கோர்ட் கேஸ் ஒரு பக்கம், லைசென்ஸ் இன்னொரு பக்கம் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. கோர்ட் சம்மன் வருவதற்கு முன்பே ஆர்டிஓவிடமிருந்து நோட்டீஸ் வந்தது. உங்கள் லைசென்ஸை ஏன் தற்காலிகமாகத் தகுதிநீக்கம் செய்யக்கூடாது, விளக்கம் சொல்லுங்கள் என்று. பல பேர் இதை "சும்மா வருகிற கடிதம்" என்று ஓரம் வைத்துவிடுவார்கள். 19-வது பிரிவின்படி நம் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது. ஆனால் நாமே போய்ச் சொல்லாவிட்டால் அவர்கள் போலீஸ் அறிக்கையை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். உத்தரவு பாதகமாக வந்தாலும் கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பதிலை வக்கீல் எழுதினார். ஒரு பக்கம்தான். சாலை அடைக்கப்பட்டிருந்தது, மாற்றுப்பாதை போர்டு இருந்தது, படம் இணைப்பு, வண்டி ஆவணங்கள் இணைப்பு, இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. போலீஸைக் குறைசொல்லி ஒரு வார்த்தை இல்லை. "கோபத்தை என்கிட்ட சொல்லுங்க, பேப்பர்ல வேண்டாம்" என்றார். விசாரணை நாளில் நானே நேரில் போனேன். அதிகாரி படங்களைப் பொறுமையாகப் பார்த்தார், எந்தக் கிலோமீட்டர் கல் பக்கம் என்று கேட்டார், எச்சரித்து லைசென்ஸைத் திருப்பித் தர உத்தரவு போட்டார். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கோர்ட் தீர்ப்பன்றுகூட வரவில்லை. மறுநாளே நான் லோடு எடுத்தேன்.

கோர்ட்டில் இதைவிட மெதுவாகத்தான் நடந்தது. எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) நம்பர் போட்டு சம்மன் வந்தது. முதல் வாய்தாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கே போய்விட்டேன். வெளியே ஒரு கூட்டமே நின்றது. பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராகக் கைகட்டிப் போய் நின்று, "ஒத்துக்கிறேங்கய்யா" என்று சொல்லி, ஃபைன் கட்டும் இடத்துக்கு நகர்ந்தார்கள். தவறு செய்தவர் ஒத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதுதான் சரி. ஆனால் அதில் சிலர் என்ன பிரிவில் கேஸ் என்றே தெரியாமல் தலையாட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் என்னிடம் ரகசியமாக, "இது லைசென்ஸுக்கு வருமாப்பா?" என்று கேட்டார். அவர் சம்மனை வாங்கிப் பார்த்தேன், அவருடையது சாதாரண 177, சின்னச் சின்ன விதிமீறலுக்கான பொதுப் பிரிவு. ஐநூறு ரூபாயோடு போகும், பயப்படாதீங்க என்றேன். அந்த ஒரு வரியைக் கோர்ட்டுக்கு வருமுன்பே யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

என் பெயர் வந்தபோது குற்றச்சாட்டைப் படித்துக் காட்டினார்கள். "நான் குற்றம் செய்யவில்லை, விசாரணை வேண்டும்" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். காரணத்தை அங்கே அவிழ்க்கக்கூடாது, அதற்கு நேரம் வரும்.

சாட்சி வராமல் வாய்தா தள்ளிப்போன நாட்கள் உண்டு. இந்த இடத்தில்தான் வக்கீல் வைத்ததன் அருமை தெரிந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போகவில்லை. வர இயலாத காரணத்தைச் சொல்லி மனு போடுவார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 317-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 355. கோர்ட்டில் இன்னும் "317 போட்டாச்சு" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதையே நம்பி நாம் தூங்கிவிடக்கூடாது. வக்கீல் மனு போட மறந்து, நாமும் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் கேஸின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தேதிக்கு முந்தின நாள் பார்த்துவிட்டு வக்கீலுக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.

கேஸை அவர் எப்படிப் பிரித்துப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் காலக்கெடு பார்த்தார். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதத்துக்குள், ஒரு வருடம் வரை சிறை என்றால் ஒரு வருடத்துக்குள் கோர்ட் கேஸை எடுத்திருக்க வேண்டும். என்னுடையது காலத்துக்குள்தான் இருந்தது. அடுத்து 209-வது பிரிவு. அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல் கேஸில் அந்த இடத்திலேயே வழக்கு வரும் என்று எச்சரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் 28 நாளுக்குள் சம்மன் கொடுத்திருக்க வேண்டும். "இது உங்களுக்கு உதவாது தம்பி, அங்கேயே நிறுத்திச் சொல்லிட்டாங்க" என்றார். உதவாததை உதவாது என்று சொன்னாரே, அதில்தான் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. வேகமாகப் போனாய் என்ற கேஸாக இருந்தால், ஒரே ஒரு சாட்சி கண்ணால் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம் மட்டும் போதாது, கருவி வைத்து அளந்திருக்க வேண்டும் என்று அதிவேகத்துக்கான 183-வது பிரிவிலேயே இருக்கிறதாம். ஸ்பீடு கேஸில் மாட்டுகிறவர்கள் இதைத் தங்கள் வக்கீலிடம் கேட்கலாம்.

ஆக எங்களுக்கு இருந்தது படங்களும் குறுக்கு விசாரணையும்தான். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விடாதே, ஃபோனில் இருக்கும் ஒரிஜினலை அழிக்காதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் போன படத்தில், எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரம் உதிர்ந்துவிடும். ஃபோன் படத்தைச் சாட்சியமாகக் காட்ட ஒரு சான்றிதழும் வேண்டும், புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு. அதையும் தயார் செய்தார்.

கேஸ் போட்ட அதிகாரி வந்த நாளில் நானும் போனேன். குறுக்கு விசாரணை சினிமாவில் வருகிற மாதிரி இருக்குமென்று நினைத்தால் ஏமாறுவீர்கள். குரலே உயரவில்லை. பாலம் வேலை நடந்ததா? நடந்தது. மெயின் ரோடு அடைத்திருந்ததா? ஆமாம். அந்த சர்வீஸ் ரோட்டில் இரண்டு திசையிலும் வண்டி போனதா? போனது. மாற்றுப்பாதை போர்டு இருந்ததா? கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு படத்தைக் காட்டினார். அந்த அதிகாரி மறைக்காமல், "இந்த இடம்தான்" என்று சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. கேஸ் நிரூபிக்கப்படவில்லை என்று என்னை விடுதலை செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, எந்தக் கேஸையும் வக்கீல் வைத்து உடைத்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் வக்கீலிடமே ஒருவர் குடித்துவிட்டு ஓட்டிய கேஸோடு வந்தார், ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று கேட்டார். வக்கீல் அவர் வேலையைச் செய்வார், அது அவர் கடமை. என் மனசு ஒப்பவில்லை. தொப்பூர் கணவாயில் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற கார்களை நசுக்கிய லாரிகளைப் பார்த்தவன் நான். அதிகபாரமும் அப்படித்தான். இருபதாயிரம் ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம் என்று வைத்திருப்பது காரணத்தோடுதான். தவறு நம்முடையது என்றால் கட்டிவிட வேண்டும். பல சின்னக் கேஸ்கள் தேங்கியிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடிக்கலாம், ஆனால் அங்கே ஒத்துக்கொண்டு முடித்ததற்கு மேல்முறையீடு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போகவும்.

விடுதலையானதும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனு போடுங்கள். நகல் வந்ததும் ஒன்றை ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். இன்னொன்றைச் சலான் போட்ட இடத்தில் கொடுங்கள். எனக்குத் தீர்ப்பு வந்த பிறகும் இ-சலான் தளத்தில் கேஸ் நிலுவையில் இருப்பதாகவே காட்டியது. நகலைக் காட்டிய பிறகுதான் அதை எடுத்தார்கள். இப்போது அந்த நகல் வண்டியின் மற்ற பேப்பர்களோடு டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது, ஒரு பிரதி ஃபோனிலும் இருக்கிறது.